அவரு கரைக்கு வந்தா ரூம் கிடையாது

அந்தமானுக்குச் சேர்த்த பணம்
தம்பியின் கடைவாய்ப் பல்லுக்குப் போனது,
இரண்டு ரூட் கேனால், ஒரு தொப்பி.
மிச்சம் நாலாயிரத்து நூறு.
மேனேஜரிடம் மூன்று மாதம் மன்றாடி வாங்கிய
ஐந்து நாள் லீவு மட்டும் அப்படியே இருந்தது.

சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீசில்
தினமும் கவுகாத்திக்கும் காந்திதாமுக்கும் வண்டி அனுப்புகிறவள் நான்.
எந்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
போனதில்லை.

குழித்துறையில் ரயிலிறங்கி
மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி
இரையுமன்துறைக்கு டிக்கெட் கேட்டதும்
கண்டக்டர் என் முதுகுப்பையைப் பார்த்தார்.
"கன்னியாகுமரிக்கு இந்த பஸ் போவாது கேட்டியளா."
தெரியும் என்றேன்.
ஒரு பக்கம் ஆறு, பின்னால் கால்வாய், முன்னால் கடல்.
போனில் பெரிதாக்கிப் பார்த்தால்
ஏறக்குறையத் தீவு.
ஏறக்குறைய என்பது
என் பட்ஜெட்டில் அடங்கும்.

ரெஜினாள் அக்காவின் மாடியறை
நாளுக்கு முந்நூற்றைம்பது, சாப்பாடு சேர்த்து.
ஜன்னலுக்குச் சட்டம் உண்டு, கதவில்லை;
ஒரு நீலத் தார்ப்பாய் அந்த வேலையைப் பார்த்தது.
தண்ணீர் ஒரு பக்கெட்.
இரண்டாவது வேண்டுமென்றால்
கீழே போய் நானே சுமந்து வரவேண்டும்.
"அவரு கரைக்கு வந்தா ரூம் கிடையாது மக்களே.
ராத்திரி ரெண்டு மணின்னாலும் எறங்கணும்."
அதனால் பையைப் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

முதல் நாள்
அலைத்தடுப்புப் பாறையில் உட்கார்ந்து
தீவில் செய்யவேண்டும் என்று நினைத்ததையெல்லாம் செய்தேன்,
அதாவது ஒன்றும் செய்யவில்லை.
பதினொன்றரை மணிக்குள் அது தீர்ந்துபோனது.
எழுந்து வந்து அக்காவுக்கு உள்ளி உரித்துக் கொடுத்தேன்.
வாடகையில் கழிக்கவில்லை.
மரச்சீனியும் சாளைக் கறியும் தட்டு தட்டாகத் தின்றேன்,
அதையும் அவள் கூட்டவில்லை.

"அந்தமான்ல என்ன உண்டும்?"
நீலத் தண்ணீர், வெள்ளை மணல், தென்னை மரம் என்றேன்.
சொல்லி முடித்தபிறகுதான்
எங்கே உட்கார்ந்து சொல்கிறேன் என்பது உறைத்தது.
அவள் சிரிக்கவில்லை.
"இவரு கல்பேனி, மினிக்காய் தாண்டியெல்லாம் போவாரு.
இருவத்தாறு வருஷம்.
தீவெல்லாம் வெளக்கு மாதிரி தெரியுமாம் ராத்திரி.
ஒருக்காதான் கால் வச்சாரு.
வேற நாட்டுக்காரன் பிடிச்சு அடச்சு வச்சான், நாப்பத்தொண்ணு நாள்."
மீன் சட்டியை ஒரு சுற்று சுற்றி இறக்கினாள்.
"சாப்பாடு நல்லதாக்கும்னு சொன்னாரு. வாடகையும் இல்ல."

மூன்றாம் நாள் இரவு அவள் போன் அடித்தது,
இல்லாத ஊரின் எண் போல நீளமாக.
"ம். கறி வச்சேன். சின்னவளுக்கு காச்சல் விட்டுது.
லோன்காரன் வந்தான், போனான். ம்.
ஐஸ் இருக்கா?"
வைத்துவிட்டாள். நாற்பது வினாடி இருக்கும்.
நான் அப்போது நோட்டில் செலவு எழுதிக்கொண்டிருந்தேன்:
டீ, பத்து. சோப்பு, பத்து.
இவ்வளவு சிக்கனமாக
எனக்கு எழுதத் தெரியாது.

விடியுமுன் படிக்கட்டிலிருந்து குரல்.
"தேங்காப்பட்டணத்தில போட்டு அணஞ்சாச்சு மக்களே."
எழுந்து, விரிப்பை உதறி,
என் முடி ஒன்று தலையணையில் கிடந்தது,
எடுத்து ஜன்னல் வழியே விட்டேன்.
மூன்று நாள் வாடகையை எண்ணி வாங்கிக்கொண்டு
ஐம்பது திருப்பித் தந்தாள், காரணம் சொல்லவில்லை.

பாதிப் படியில் அவர் மேலே வந்துகொண்டிருந்தார்.
சுவரோடு ஒட்டி நின்றேன்.
டீசலும் உப்பும் கலந்த ஒல்லியான மனிதர்,
தரை ஆடாததை நம்பாதவர்போல
ஒவ்வொரு படியாகக் காலை அழுத்தி வைத்தார்.
என் முதுகுப்பையைப் பார்த்தார்.
"தீவுக்கு போற பிள்ளையா?"
"போயிட்டு வந்துட்டேன்."
தலையாட்டினார்,
தொழில்காரன் தொழில்காரனிடம் கேட்பதுபோல் கேட்டார்:
"தண்ணி கிட்டிச்சா?"
"கிடைச்சுது. ஒரு பக்கெட்."
"அது போதும்."

முதல் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.
சர்ச் மதிலோரம் நின்று பார்த்தேன்.
மாடியில் தார்ப்பாயை அவிழ்த்தார்.
அந்த ஜன்னல் கடலைப் பார்த்தது.
கொஞ்ச நேரம் கழித்து
மறுபடி
இறுக்கிக் கட்டினார்.